கலியாணப் படத்தில் நின்ற கொர்ட்டினா

அந்த யோசனை எனக்கு வந்தபோது கையில் ஒரு பேப்பர் தட்டு, தட்டில் பாதி தின்ற கேக்.

மொன்றியல் செயின்ட்-மிஷேலில் எங்கள் பங்குக் கோயிலின் கீழ்மண்டபம். வெளியே பனி. உள்ளே ஈரச் சப்பாத்து மணமும் பற்றிஸ் பொரித்த எண்ணெய் மணமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஜசிந்தா அன்ரியின் எண்பத்தைந்தாவது பிறந்தநாள். அவர் எனக்குச் சொந்தம் இல்லை. புதன்கிழமைச் செபமாலைக் கூட்டத்தை இத்தனை வருடமாக நடத்துகிறவர், அதனால் பங்கு முழுவதற்கும் அன்ரி.

சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டி, மூத்த மகன் கிளாரன்ஸ் அங்கிள் மடிக்கணினியைத் தட்டத் தட்ட, அன்ரியின் வாழ்க்கை படம் படமாக ஓடியது. பள்ளிக்கூடம், முதல்நன்மை, பிறகு கலியாணப் படம். வெள்ளைச் சேலை, முக்காட்டு வலை, பக்கத்தில் கோட் போட்ட ஞானம் மாமா. மாமா இப்போது இல்லை. இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஒரு கார்.

காரின் பின்பக்கம்.

வட்டமான பின்விளக்கு, மூன்று பங்காகப் பிரித்தது. அப்பளத்தை மூன்றாக உடைத்துத் திருப்பி ஒட்டின மாதிரி. நான் தட்டோடு எழும்பிவிட்டேன்.

"கொர்ட்டினா" என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான்.

முன் வரிசையில் ஒரு மாமா திரும்பினார். "ஆர் பிள்ளை அது? கலியாணப் பொம்பிளையின்ர தங்கச்சியோ?"

இந்தக் காரைப் பற்றி வெளிநாட்டார் எழுதிய புத்தகங்களை எல்லாம் விழுந்து விழுந்து வாசித்திருக்கிறேன். தொழிற்சாலை, பந்தயம், இயந்திர அளவு, எல்லாம் இருக்கும். பின் இருக்கையில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. அப்படியென்றால் இதைச் செய்த கம்பனியின் பிரித்தானிய, ஐரோப்பிய மொடல்களின் வரலாற்றை எங்கள் குடும்ப அல்பங்களில் இருந்தே எழுதினால் என்ன? ஒரு மொடலுக்கு ஒரு குடும்பம். கேக் முடிய முதலே மூன்று அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்துவிட்டேன்.

கேக்கைத் தின்றுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

எல்லாம் ஏ-போட்டி

கம்பனியின் பெயரை எழுத வேண்டாம், விளம்பரமாகிவிடும் என்று இந்தத் தொடரைப் போடுகிற எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நீல நீள்வட்டத்துக்குள் வெள்ளை எழுத்து. போதும் என்று நினைக்கிறேன்.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். இப்போது ஒரு உதிரிப்பாகக் களஞ்சியத்தில் கணினிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். காரின் ஒரு மூலையைக் காட்டினாலே மொடலைச் சொல்லுவேன் என்ற பெரிய எண்ணம் எனக்கு. ஆனால் அந்த ஒரு மூலையைக் காட்டத்தான் எங்கள் சனத்துக்கு மனம் வருவதில்லை.

ஏழு குடும்பங்களின் அல்பங்களைப் பார்த்தேன். எல்லாரும் காரின் முன்னால் நிற்கிறார்கள். அதுவும் சும்மா இல்லை, குடும்பத்திலேயே அகலமான ஆள் சரியாகக் கம்பனி முத்திரைக்கு முன்னால். கிறில் முழுக்க மாலை. நம்பர் பிளேற்றுக்கு மேலே மாப்பிள்ளை பொம்பிளை பெயரெழுதின பலகை. முன்விளக்குக்கு மேலே ஒரு குழந்தையின் கால். ஒரு படத்தில் எனக்குக் கிடைத்தது ஒரேயொரு கண்ணாடித் துடைப்பான். அதை வைத்து நான் எந்த வரலாற்றை எழுத?

சரி, படம் சொல்லாவிட்டால் ஆட்களைக் கேட்போம் என்று அன்ரன் அண்ணையிடம் போனேன். இப்போது மொன்றியல் துறைமுகத்தில் கொன்ரெயினர் லொறிகளுக்கு வரிசை பிரித்து விடுகிறவர். ஊரில் வாடகைக் கார் ஓடியவர்.

"அது ஏ-போட்டி" என்றார், ஏ-நாற்பது என்கிற பழைய காரைச் சொல்லி, படத்தை வாங்க முதலே.

"இல்லை அண்ணை, இது பிறிபெக்ற். நாலு கதவு. லைற் மட்கார்ட்டோட சேந்து இருக்குது, பாருங்கோ."

"நீ பிறக்க முதல் நான் ஓடினது. ஏ-போட்டி."

"ஏ-போட்டி வேறை கம்பனி அண்ணை."

"கம்பனியைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. மண்ணெண்ணெயில ஓடிச்சுதோ? ஓடினது எல்லாம் ஏ-போட்டி."

போர் நாளில் ஊருக்குப் பெற்றோல் வரவிடாத தடைக் காலத்தைச் சொல்கிறார். புதுக் கார்கள் எல்லாம் கொட்டிலுக்குள் படுத்துக் கிடக்க, இந்தக் கிழட்டு இங்கிலாந்துக் கார்கள்தான் றோட்டில் நின்றன. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதைக் காட்டி ஸ்ராட் எடுத்து, இயந்திரம் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். புகையின் நிறத்தைப் பார்த்தே யாருடைய கார் வருகிறது என்று சொல்லலாமாம். பூசைக்குப் போட்டுப்போன உடுப்பில் எல்லாம் அடுப்பு மணமாம்.

இதை வைத்து முழு அத்தியாயம் எழுதலாம். என்ன மொடல் என்று கேட்டால் மட்டும், ஏ-போட்டி.

கர்தினாலும் பேராயரும்

வாசகர்களுக்கு இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பனி அமெரிக்காவில் இருந்தாலும், இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இரண்டு கிளை வைத்திருந்தது. ஒரே முத்திரை, வெவ்வேறு கார். ஒரு தகப்பனின் இரண்டு மகன்மார் பக்கத்துப் பக்கத்து வளவில் இருந்துகொண்டு, வேலிக்கு மேலால் ஒரு சொல்லும் கதைக்காத மாதிரி. இங்கிலாந்துக்காரர் பிறிபெக்ற், அங்கிலியா, கொன்சல் என்று செய்தார்கள். அங்கிலியாவின் பின்கண்ணாடி மேலே வெளியே நீட்டி, கீழே உள்ளுக்குச் சரிந்திருக்கும். தொப்பி போட்ட ஆள் தலையைக் குனிந்து நிற்கிறது போல. ஜெர்மன்காரர் தௌனஸ் என்ற பெயரில் தங்கள் பாட்டுக்குச் செய்தார்கள்.

அறுபதுகள் தொடங்க, அமெரிக்காவில் வரைந்த ஒரு சின்னக் காரை ஜெர்மன் கிளையிடம் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்துக்கு வைத்த இரகசியப் பெயர் கர்தினால். ஏதோ ஒரு குருவியின் பெயராம், எங்களுக்கோ அது பேராயருக்கும் மேலான திருச்சபைப் பதவி. இங்கிலாந்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. தாங்களும் ஒன்றை வேகமாக வரைந்து, பகிடிக்கு அதற்குப் பேராயர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பேராயர்தான் அறுபத்திரண்டு முடிகிற நேரத்தில் கொர்ட்டினாவாக வெளியே வந்தது.

இந்தக் கதையை எங்கள் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "கர்தினாலுக்கு எத்தனை சிலிண்டர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு இரண்டு வளவும் சமாதானமாகி, எஸ்கோர்ட், கப்ரி என்று சேர்ந்து செய்தார்கள். கடைசியில் கொர்ட்டினாவும் தௌனஸும் பெயர் மட்டும் வேறான ஒரே காராகிவிட்டன. வேலி விழுந்தது நல்லதுதான். ஆனால் அடையாளம் காண்கிறவருக்குத் தலையிடி.

நான் எழுதிய ஒரு வரி

மூன்று வாரத்துக்கு முந்திய அத்தியாயத்தில் ஜசிந்தா அன்ரியின் படத்தைப் போட்டேன். அவரிடம் அனுமதி வாங்கித்தான். காரை மெச்சி மெச்சி எழுதினேன். முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தை எடுக்கத் தெரிந்த அந்தப் படக்காரருக்கு நன்றி எழுதினேன். எழுதி முடித்த கெப்பரில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: "பின்விளக்கு இப்படி இருப்பதால், இந்தப் படம் அறுபத்திரண்டு முடிகிறதற்கு முதல் எடுத்திருக்கவே முடியாது."

அந்த ஒரு வரிதான்.

கார் என்றால் ஏ-போட்டி என்கிற சனம் கணக்கில் மட்டும் புலி. முன்பு கிளாரன்ஸ் அங்கிளின் அறுபதாவது பிறந்தநாளும் அதே கீழ்மண்டபத்தில்தான் நடந்தது. பிறந்த வருடத்தைக் கையளவு எழுத்தில் எழுதிப் பதாகை கட்டியிருந்தார்கள். அறுபத்தொன்று. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. ஞாயிறு பூசை முடிய முதல் பங்கு முழுக்கக் கழித்துப் பார்த்துவிட்டது.

திங்கள் காலை எங்கள் தெரு மூலைக்கடையில், இங்கே சொல்கிற டெப்பனரில், பால் வாங்க நின்றேன். பின்னால் நின்ற ஒரு அன்ரி என் காதுக்குள்ளே சொன்னார்: "அப்ப மூத்தவன் கலியாணத்துக்கு முதலோ பிள்ளை? சொல்லத் தேவையில்லை, எனக்கு விளங்குது." பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் புதன்கிழமை ஜசிந்தா அன்ரி செபமாலைக்கு வரவில்லை. அடுத்த புதனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து இடத்தில் றீற்றா அன்ரி தனியே இருந்தார்.

றீற்றா அன்ரி, ஞானம் மாமாவின் தம்பி பெண்சாதி. அவரும் புருசனை இழந்தவர். இரண்டு பேரும் பூசைக்கு ஒன்றாகப் போய், ஒரே தேத்தண்ணிப் போத்தலில் குடித்து வருகிறவர்கள். செபமாலைக் கூட்டத்தில் யாரோ வாயைச் சுழிக்க, இவர் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு எழும்பினாராம்.

"நான் அந்தக் குடும்பத்துக்குள்ள வர முதலே அக்கா கலியாணம் முடிச்சிட்டா. அவவைப் பற்றி இனி ஆரும் கதைச்சா, நான் மனுசியா நிக்க மாட்டன்."

பிறகு எனக்கும் ரெலிபோன் எடுத்தார். "காரைப் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு எழுது. முடிஞ்சுது. அதுக்கென்ன, தகரம்தானே?"

றீற்றா அன்ரியை அறிந்தவர்களுக்கு, அவர் கார் பற்றிக் கதைத்தால் எங்கே போய் முடியும் என்று தெரியும். தன் கலியாணத்துக்குக் கார் பிந்தி வந்த கதை. முக்காட்டு வலையோடு வெயிலில் நின்றது, பவுடர் கரைந்து கழுத்தால் ஓடியது, சுவாமியார் ஆளனுப்பிக் கேட்டது. காரை அனுப்பின மாப்பிள்ளை வீட்டாரை, தன் புருசன் வீட்டாரைத்தான், இன்றைக்கும் திட்டுவார். நானே ஐந்து கலியாண வீட்டில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் ரெலிபோனில் ஆறாவது தரம் கேட்டேன்.

ஆசிரியரும் அதையே சொன்னார். "ஒரு சின்னத் திருத்தம் போடுங்கோ. அங்கிலியா எண்டு போட்டா வருசம் சரிவரும்தானே?"

வரும். அங்கிலியா அறுபதுக்கு முதலே வந்துவிட்டது. ஆனால் அங்கிலியாவின் பின்கண்ணாடி உள்ளுக்குச் சரிந்திருக்க வேண்டுமே. வாசகர் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியுமே. திருத்தத்தை எழுதினேன், அழித்தேன், எழுதினேன். அசல் படத்தை ஒருதரம் பார்ப்போம், நான் பிழையாக இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். வாழ்க்கையிலேயே நான் பிழையாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

தீவில் ஒரு பின்னேரம்

ஜசிந்தா அன்ரி கிளாரன்ஸ் அங்கிளோடு இல்-பிசார் தீவில் இருக்கிறார். மெற்றோ, ஒரு பஸ், இன்னொரு பஸ்ஸுக்காக முக்கால் மணித்தியாலம். காரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவளுக்குச் சொந்தமாகக் கார் இல்லையா என்று கேட்காதீர்கள்.

கதவைத் திறந்தது அங்கிள். "வா. உன்னாலதான் பிள்ளை, பென்சன் எடுக்கிற வயதில எனக்குப் பிறப்புச் சான்றிதழ் தேட வேண்டி வந்தது."

அன்ரி தொலைக்காட்சியில் பிரெஞ்சுப் பூசை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்காது அவருக்கு. "எழும்பிறதும் முழங்கால் போடுறதும் எல்லா இடமும் ஒண்டுதானே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், அலுமாரிக்குள் இருந்து படத்தை எடுத்து என் கையில் தந்தார். மூலையில் படக்கடையின் முத்திரை, பாதி அழிந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி உள்ளுக்குச் சரியவில்லை. மூன்று பங்கு விளக்கு. கொர்ட்டினாதான்.

"கார் சரியோ?" என்று கேட்டார்.

"சரி அன்ரி."

"கார் கார் எண்டு திரியிறாய். ஏன் பின்னுக்கு நிண்டு எடுத்தது எண்டு மட்டும் உனக்குக் கேக்கத் தோன்றேல்லையே?"

அந்தப் பின்பக்கத்துக்காகவே நான் நன்றியெல்லாம் எழுதினேனே.

"முன்னுக்குப் பலகை இருந்தது. பலகையில பேர் இருந்தது. எங்கட பேர் இல்லை."

கிளாரன்ஸ் அங்கிள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கும் இது புதுக்கதை.

அன்ரிக்கும் ஞானம் மாமாவுக்கும் கலியாணம் நடந்தது அறுபதில்தான். திகதி குறித்து மூன்று கிழமையில் மாமாவின் தகப்பன் செத்துப்போனார். தள்ளிப் போடவும் மனமில்லை, கொண்டாடவும் மனமில்லை. விடியற் பூசையில் சுவாமியார் ஒப்பேற்றி வைத்தார். மேளம் இல்லை, படம் இல்லை, கார் இல்லை. நடந்து போய் நடந்து வந்தார்களாம்.

நாலு வருடம் கழித்துத் தம்பிக்குக் கலியாணம். கொழும்பில் இருந்து வந்த ஒரு டொக்டரின் புதுக் கார் இரவல் கிடைத்தது. ஊரில் ஒருவரும் அப்படியொரு காரைக் கண்டதில்லை. மாலை கட்டி, பெயர்ப்பலகை பூட்டி, காரைப் பொம்பிளை வீட்டுக்குக் கொண்டுபோகிற பொறுப்பு ஞானம் மாமாவுக்கு.

"வா, ஏறு எண்டார். எங்கை எண்டன். உன்ர வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு ஏறு எண்டார். அவ்வளவுதான் சொன்னவர். வழியில படக்கடை. நான் உள்ளுக்குப் போய்ச் சேலையை மாத்த, வலை பூச்சி அரிச்சிருந்தது, அதை மறைச்சுக் குத்த நேரம் போட்டுது. பேந்து அந்தப் படக்காரன் வெயில் கூட எண்டு காரைத் திருப்பச் சொன்னான்."

"எவ்வளவு நேரம் அன்ரி?"

"முக்கால் மணித்தியாலம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முக்காட்டு வலையோடு வெயிலில் நின்றவர், பவுடர் கரைந்தவர், அறுபது வருடமாக மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டுகிறவர். தம்பியின் பொம்பிளை.

"றீற்றா அன்ரியோ?"

ஜசிந்தா அன்ரி படத்தைத் திருப்பி வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார். "ஒவ்வொரு கலியாண வீட்டிலயும் அவள் அந்தக் கதையைச் சொல்லேக்க நான் பக்கத்திலதான் இருக்கிறன். ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு."

எழுது, ஆனால்

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஒரு பின்விளக்கைச் சரியாகக் கண்டுபிடித்த குற்றத்துக்கு, எனக்கு இரண்டு வழி. கார் பிழை என்று எழுதினால் அன்ரியின் பெயர் மீளும், றீற்றா அன்ரியின் மனம் ஆறும், பங்கு அமைதியாகும், நான் பொய் எழுதினவள். உண்மையை எழுதினாலும் அன்ரியின் பெயர் மீளும். ஆனால் அவருக்காகப் பங்கு முழுவதோடும் சண்டை பிடிக்கிற ஒரேயொரு ஆள், அதை வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வாசிப்பார்.

"கார் பிழை எண்டு எழுதட்டோ அன்ரி?" என்றேன். எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

"எழுதிப்போட்டு? அவர் எனக்கு எடுத்துத் தந்த ஒரேயொரு படம் இது. கடைசியில அதில நிண்ட கார்கூடப் பொய் எண்டு சொல்லுவியோ?"

"அப்ப உண்மையை எழுதினா?"

தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சுவாமியார் கையை விரித்தார். அன்ரி பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அவளுக்குச் சொல்லாமல் ஒளிச்சது அந்த நாள் இல்லை பிள்ளை. அந்த நாளில சொல்லியிருந்தா நாலு ஏச்சோட முடிஞ்சிருக்கும். ஒவ்வொரு தரமும் சொல்லாமல் விட்டது. அது எத்தினை தரம் எண்டு எனக்குத் தெரியாது."

கிளாரன்ஸ் அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்ரி கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"எழுது. முழுக்க எழுது. அவளின்ர பேரையும் போடு, இல்லாட்டி அதுக்கும் சண்டைக்கு வருவாள். ஆனா பேப்பர் கடைக்கு வர முதல் நான் அவளுக்கு என்ர வாயால சொல்லவேணும்."

"நான் கூட வரட்டோ?"

"வராமல்? தொடக்கினது ஆர்?"

அதனால்தான் இந்த அத்தியாயம் இப்படி இருக்கிறது. நீங்கள் எதிர்பார்த்த எஸ்கோர்ட் இதில் இல்லை, மன்னியுங்கள்.

பத்திரிகை அச்சுக்குப் போவது புதன். கடைக்கு வருவது வெள்ளி. இடையில் இருப்பது வியாழன் ஒன்றுதான். கிளாரன்ஸ் அங்கிள் எங்களைச் செயின்ட்-மிஷேலில் இறக்கிவிட்டுத் தெருமுனையில் நிற்பாராம். உள்ளே வர அவருக்குத் துணிவில்லை. றீற்றா அன்ரி இருப்பது மூன்றாம் மாடியில், வெளியே வளைந்து போகிற இரும்புப் படி, இன்னும் பனிக்கட்டி முழுக்கப் போகவில்லை. எண்பத்தைந்து வயது ஆளை அதில் ஏற்ற வேண்டும். வேறொரு நாள், வேறொரு இடம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

"அவளின்ர வீட்டு வாசலிலதான் சொல்லுவன். என்னை அவள் வாசலில நிப்பாட்டி வைக்கட்டும், எவ்வளவு நேரமெண்டாலும். நீ எனக்காகக் கதைச்சு உள்ளுக்குப் போகப் பாக்காத."

சரி என்று சொல்லியிருக்கிறேன். வியாழன் பின்னேரம் நாலு மணி. ஒரு மடக்குக் கதிரையும் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன், அன்ரிக்குச் சொல்லவில்லை.